ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் காப்பி பண்ணினவனின் கதை

கொஞ்சம் நீளமான த்ரெட். தீசிஸ், ஆய்வுன்னு பேட்டி எடுத்து வெச்சிருக்கிறவங்க முழுசாப் படிங்க. மத்தவங்க விருப்பம்.

முந்தாநாள் நைட் ட்யூட்டியில ஒரு ஜூனியர்கிட்டேர்ந்து மெசேஜ். சமுதாய மருத்துவத்துல பிஜி பண்ணிட்டு இருக்கா. "அண்ணா, லேப்டாப் மாத்துறேன். குவாலிட்டேட்டிவ் ப்ராஜெக்ட் ஃபைலை பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டேன். பழசை நாளைக்குக் கடையில எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கணும். போதும்லா?"

போதாதும்மா, கடைக்குப் போகாதேன்னு ஒரு வரி அனுப்பினேன். அதுக்குள்ள ஒரு தேள்கடி வந்துச்சு, போனை வெச்சுட்டேன். மீதியை இங்க எழுதறேன். ஏன்னா அதே வேலையை அதே நம்பிக்கையோட 2022 நவம்பர்ல நான் செஞ்சிருக்கேன்.

முதல்ல நான் யாருன்னு தெரியாதவங்களுக்கு. எம்.பி.பி.எஸ். மட்டும்தான். சொந்த ஊர் இராஜாக்கமங்கலம். வேலை அரசு மருத்துவமனையில. நாகர்கோவில்லேர்ந்து எங்க ஊருக்கு வர்ற வழியெல்லாம் தென்னையும் வாழையும் குளமுமா இருக்கும். இன்னும் கொஞ்சம் தெற்கே போனா மணலும் வள்ளமும். துறை, பெரியகாடு, பொழிக்கரைன்னு வரிசையா கடற்கரை ஊர்கள். ஓ.பி.யில ரெண்டு பக்கத்து ஆட்களும் வருவாங்க. பிபி, சுகர் ரெண்டு பக்கமும் உண்டு. ஆனா கடற்கரைப் பக்கத்து ஆம்பிளைங்க மூணு மாசம் மாத்திரை வாங்குவாங்க, நாலாவது மாசம் காணாமப் போவாங்க. பொறவு பக்கவாதத்தோட 108ல வருவாங்க.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கினாங்க. மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்துச்சு. அது பெரிய விஷயம், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனாலும் சில வீடுகள்ல மாத்திரை பிஸ்கட் டின்னுக்குள்ள அப்படியே அட்டை அட்டையா இருந்துச்சு. எத்தனை பேர் நிறுத்தினாங்கன்னு ரெஜிஸ்டர் சொல்லும். ஏன் நிறுத்தினாங்கன்னு அது சொல்லாது. அதுக்கு ஆள் பக்கத்துல போய் உக்காந்து கேக்கணும்.

திருவனந்தபுரத்துல எம்.பி.எச். படிச்ச என் பேட்ச்மேட் ஒருத்தன் உசுப்பேத்தி விட்டான். எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கி, 2022ல 21 பேரைப் பேட்டி எடுத்தோம். எல்லாம் ட்யூட்டி முடிஞ்சு, ஞாயித்துக்கிழமை மத்தியானம், வள்ளம் கரையேறினப்புறம். ஒவ்வொண்ணும் நாப்பது நிமிஷம், ஒரு மணி நேரம். போன்ல ரெக்கார்ட் பண்ணி, நாகர்கோவில்ல டைப்பிங் பண்ற ஒரு அக்காகிட்ட கொடுத்து எழுத்தாக்கினோம். அப்புறம் கோடிங். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க செய்யற கோடிங் இல்லை. பேட்டியில ஒவ்வொரு வரியையும் படிச்சு, அது எதைப் பத்தினதுன்னு ஒரு பேரை ஒட்டறது. 'வெறும் வயிறு', 'கால் வீக்கம்', 'மூத்திரம் முட்டுது', 'கடன்' இப்படி. அப்புறம் 'வெறும் வயிறு'ன்னு அழுத்தினா அதைப் பத்தி 21 பேரும் சொன்னது வரிசையா வந்து நிக்கும். இதுக்குன்னே மென்பொருள் இருக்கு. என்விவோ, அட்லஸ்.டிஐ, மேக்ஸ்கியூடிஏ எல்லாம் காசு கொடுக்கணும். குவால்கோடர், டேகெட் ரெண்டும் இலவசம்.

நான் எதைப் பயன்படுத்தினேன்னு கேக்காதீங்க. தப்பு அதுக்க மேல இல்லை.

நவம்பர்ல புது லேப்டாப் வாங்கினேன். பழசைச் சித்தி மகனுக்குக் கொடுக்கறதா பேச்சு, அவன் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தான். ப்ராஜெக்ட் ஃபைலை பென்டிரைவ்ல போட்டேன். புதுசுல திறந்து பார்த்தேன், கோடு லிஸ்ட் முழுசா வந்துச்சு. நான் எழுதி வெச்ச குறிப்புகளும் வந்துச்சு. மூடிட்டேன். பழசைக் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரப் பையன் நல்லாத்தான் கேட்டான். "சார், உள்ள உள்ளது ஒண்ணும் வேண்டாம்லா?"

"எல்லாம் எடுத்தாச்சு. அடிச்சு விடு."

மூணு மாசம் அந்தப் ப்ராஜெக்டைத் தொடலை. டெங்கு, காய்ச்சல் முகாம், மாசாந்திர ரிப்போர்ட். தொடாததுக்குக் காரணம் சொல்லணும்னா நிறைய இருக்கு.

2023 பிப்ரவரியில ஓ.பி.க்கு ஒரு அம்மா வந்தாங்க. நாப்பது வயசிருக்கும். அவங்க அப்பாவை நான் பேட்டி எடுத்திருந்தேன். (அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) எழுபதை நெருங்கின மனுஷன், கட்டுமரக் காலத்து ஆள். நான் பாட்டான்னு கூப்பிடுவேன், அவர் என்னை டாக்டரேன்னு கூப்பிடுவார். பேட்டி எடுத்து நாலு மாசத்துல பக்கவாதம் வந்து இறந்துட்டார்.

அந்த அம்மா பிபி மாத்திரை வாங்கிட்டு எழுந்திரிக்கல. "சாரே, அப்பா அண்ணைக்கு ஒங்க போனுல பேசினாவல்லா. அது இருக்குமா? அப்பாக்க சத்தம் எங்ககிட்ட ஒண்ணுமில்ல. போட்டோ ரெண்டு உண்டு, அம்புட்டுதான்."

கொடுக்கலாமா கூடாதான்னு எனக்கு உடனே தெரியலை. ஒப்புதல் படிவத்துல 'ஆய்வுக் குழுவைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள்'னு எழுதி, வாசிச்சுக் காட்டி, அவர்கிட்ட கைநாட்டு வாங்கியிருந்தேன். பார்த்துச் சொல்றேம்மான்னு சொன்னேன். ரெக்கார்டிங் இருக்குங்கறதுல மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

ராத்திரி வீட்ல வந்து ப்ராஜெக்டைத் திறந்தேன். கோடு லிஸ்ட் இருக்கு. பாட்டாவோட பேட்டியை அழுத்தினேன். கோப்பு கிடைக்கவில்லைன்னு வந்துச்சு. அடுத்ததை அழுத்தினேன். அதே. 21ம் அதே.

நண்பனுக்குப் போன் போட்டேன். மணி பதினொண்ணரை. பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "லே மக்கா, பழைய லேப்டாப்ல டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர் வெச்சிருந்தியே, அதை எடுத்தியா?"

அப்பதான் புரிஞ்சுது. நான் வேலை செஞ்ச விதத்துல அந்தப் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள்ள பேட்டி எதுவுமே இல்லை. இன்ன ஃபோல்டர்ல இன்ன பேர்ல ஒரு கோப்பு இருக்கு, அதுல 1,204ஆவது எழுத்துலேர்ந்து 1,388ஆவது எழுத்து வரைக்கும் 'வெறும் வயிறு', இவ்வளவுதான் அது எழுதி வெச்சிருந்தது. நம்ம பாஷையில சொன்னா, ஆளை மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ரெஃபரல் சீட்டுல 'எக்ஸ்ரே பார்க்கவும்'னு எழுதிட்டு எக்ஸ்ரேயை நம்ம வார்டு ஜன்னல்லயே விட்டுட்டு வந்த மாதிரி. சீட்டு பத்திரமா போய்ச் சேர்ந்துடுச்சு.

இது ஏதோ ஒரு மென்பொருளோட கிறுக்குத்தனம் இல்லைங்கறதையும் சொல்லணும். இந்த வகை மென்பொருள்கள்ல முதல் தலைமுறை ஆஸ்திரேலியாவுல 1981ல லின் ரிச்சர்ட்ஸ், டாம் ரிச்சர்ட்ஸ் தம்பதி உருவாக்கினது. அதுக்க வாரிசுதான் இன்னைக்கு என்விவோ. அட்லஸ்.டிஐ 1989க்கு அப்புறம் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல இடம் கம்மி. ஆவணத்தை உள்ள இழுத்து வைக்காம வெளிய வெச்சுட்டு முகவரியை மட்டும் குறிச்சு வைக்கிறது நியாயமான ஏற்பாடு. அட்லஸ்.டிஐயோட ஏழாம் பதிப்பு வரைக்கும் அப்படித்தான். இடம் மாத்தணும்னா 'காப்பி பண்டில்'னு ஒரு கட்டளை உண்டு, அது ப்ராஜெக்டையும் ஆவணங்களையும் ஒரே மூட்டையாக் கட்டித் தரும். என்விவோ பெரும்பாலும் எல்லாத்தையும் ஒரே ஃபைலுக்குள்ள வைக்கும், ஆனா பெரிய ஆடியோ, வீடியோ கோப்புகளை வெளியவே விட்டுட்டு இணைப்பு மட்டும் வெச்சுக்கும். குவால்கோடர்ல ப்ராஜெக்ட்ங்கறதே ஒரு ஃபோல்டர். உள்ள ஒரு டேட்டாபேஸ், பக்கத்துல ஆவணம், ஆடியோ, படம்னு தனித்தனி ஃபோல்டர். உள்ள இருக்கிற டேட்டாபேஸை மட்டும் எடுத்துட்டுப் போனா என் கதைதான்.

மறுநாள் சித்தி மகன்கிட்டேர்ந்து லேப்டாப்பை வாங்கிக் கடைக்கு ஓடினேன். அது எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க்னா அழிச்சதைக் கொஞ்சமாவது தோண்டி எடுக்க வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி.யில ட்ரிம்னு ஒரு ஏற்பாடு, காலியான இடத்தை டிரைவே துடைச்சு வெச்சுடும். மேல மூணு மாசமா பையனோட கேம், படம், காலேஜ் நோட்ஸ். கடைக்காரப் பையன் ரெண்டு நாள் வெச்சுப் பார்த்துட்டு, காசு வாங்கலை.

இனி தேடல். எங்கெங்க என்ன இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதினேன்.

டைப்பிங் அக்கா மெயில்ல அனுப்பின 21 எழுத்துப்படிகளும் இன்பாக்ஸ்ல இருந்துச்சு. நிம்மதியாத் திறந்தேன். எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். அதாவது 'அம்மா'. அக்கா அடிச்சது பாமினி எழுத்துருவுல. டிடிபி சென்டர்ல பழகினவங்க நிறையப் பேர் இன்னும் அதுலதான் அடிக்கிறாங்க. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல அது ஆங்கிலக் குப்பை. தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோடைத் தரம்னு ஏத்துக்கிட்டாச்சு, ஆனா டைப்ரைட்டிங் பழகின விரலுக்கு ஆணை போட முடியாதுல்லா. என்.எச்.எம். கன்வர்ட்டர்ல போட்டு எல்லாத்தையும் யூனிகோடு ஆக்கினேன். பழைய லேப்டாப்ல இருந்த மாதிரியே ஃபோல்டர் பேர், ஃபைல் பேர் எல்லாம் கொடுத்து வெச்சேன். ப்ராஜெக்டைத் திறந்தேன். திறந்துடுச்சு!

அந்தச் சந்தோஷம் ரெண்டு நிமிஷம். 'பயம்'ங்கற கோடு மீன் விலையைப் பத்தின வரியில உக்காந்திருக்கு. 'கால் வீக்கம்' ஒரு சொல்லோட நடுவுல ஆரம்பிச்சு அடுத்த பத்தியில முடியுது. ஏன்னா நான் கோடு பண்ணினது அக்கா அனுப்பின படியை இல்லை. அதை ஆடியோவோட ஒப்பிட்டுத் திருத்தின படியை. விட்டுப்போன வரியைச் சேர்த்திருந்தேன், தப்பான சொல்லை மாத்தியிருந்தேன். மென்பொருளுக்குச் சொல்லு தெரியாது, எழுத்து எண்ணிக்கைதான் தெரியும். மேல ஒரு வரி குறைஞ்சா கீழ எல்லாமே நகரும். திருத்தின படிகள் டி டிரைவ்ல மட்டும் இருந்துச்சு.

தமிழ்ல இன்னொரு சள்ளையும் உண்டு. திருத்தவே இல்லைன்னாகூட, பாமினியில கோடு பண்ணினதை யூனிகோடு ஆக்கினா எண்ணிக்கை மாறிடும். பாமினியில 'கு' ஒரே எழுத்து, யூனிகோடுல உள்ளுக்குள்ள ரெண்டு குறியீடு. அதனால எழுத்துரு மாத்தறதா இருந்தா கோடிங் தொடங்கறதுக்கு முன்னாடியே மாத்திடணும். பாதியில மாத்தினவன் கெட்டான்.

காப்பாத்தினது ஒரு ஜெராக்ஸ் கட்டு. அக்டோபர்ல நண்பன்கிட்ட காட்டறதுக்காகக் கோடு வாரியா வரிகளை எடுத்து பிரிண்ட் போட்டிருந்தேன், நாப்பது பக்கத்துக்கு மேல. பீரோவுல பழைய எல்.ஐ.சி. பேப்பரோட கிடந்துச்சு. அதை வெச்சுக்கிட்டு, அக்காவோட படியில அந்த வரி எங்க இருக்குன்னு தேடித் தேடி மறுபடி கோடு பண்ணினேன். ரெண்டரை மாசம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல, குழந்தை தூங்கினப்புறம்.

ஆடியோ? இரட்டைக் கோடிங் செய்யறதுக்காக நண்பன்கிட்ட ஆறு பேட்டி கொடுத்திருந்தேன். அந்த ஆறு வந்துச்சு. மீதி 15 போச்சு. என் போன்ல இருந்ததை லேப்டாப்புக்கு மாத்தின அன்னைக்கே அழிச்சுட்டேன், நெறிமுறையில அப்படித்தான் எழுதியிருந்தோம். டைப்பிங் அக்காவும் எழுதிக் கொடுத்த உறுதிமொழிப்படி வேலை முடிஞ்சதும் அழிச்சுட்டாங்க. "நீங்கதானே தம்பி அழிக்கச் சொன்னீங்க"ன்னு பாவமாக் கேட்டாங்க. ஆமா, நான்தான். ரகசியம் காக்கணும்னு ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறை சொல்றதை நாங்க எல்லாரும் ஒழுங்காக் கடைப்பிடிச்சு, கடைசியில ஒரே ஒரு காப்பியை மிச்சம் வெச்சு, அதை நான் கடையில கொண்டு கொடுத்துட்டேன். பூட்டின காப்பி ரெண்டு வெச்சிருந்தாலும் ரகசியம் ரகசியம்தான்ங்கறது அப்ப தோணலை.

பாட்டாவோட ஆடியோ அந்த 15ல ஒண்ணு.

அது போனதால வந்த நஷ்டம் மகளுக்கு மட்டும் இல்லை. அவர் சுகர் மாத்திரையை ஏன் நிறுத்தினார்ங்கறதுக்கு ஒரு வரி உண்டு. விடியறதுக்கு முன்ன வெறும் வயித்துல கடலுக்குப் போவார். கிளிமிபிரைடைப் போட்டுட்டுப் போனா நடுக்கடல்ல ஏதோ பண்ணும். அக்காவோட படியில 'மயக்கம் வரும்'னு இருக்கு. எனக்கு ஞாபகம் இருக்கறது அவர் 'தல கறங்கும்'னு சொன்னது. நம்ம பக்கத்துல தலை கறங்கறது வேற, மயங்கி விழறது வேற. வியர்த்து, கை நடுங்கி, கறங்குச்சுன்னா சுகர் இறங்குதுன்னு யோசிப்பேன். எழுந்து நிக்கும்போது மட்டும் கறங்குச்சுன்னா பிபி மாத்திரையையும் பார்க்கணும். நினைவு தப்பி வள்ளத்துல விழுந்தார்னா அது இன்னும் பெரிய விஷயம். அதுக்கு முன்னாடி என்ன சொன்னார், பின்னாடி என்ன சொன்னார், எங்க நிறுத்திப் பேசினார்னு கேட்டா தெரிஞ்சிடும். திருத்தின படியில நான் அதைச் சரி பண்ணியிருந்தேன்னு நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். பிரிண்ட் கட்டுல அவரோட வேற ரெண்டு வரி இருக்கு, அந்த வரி இல்லை.

என் ஞாபகத்தை அவர் வாயில வைக்க எனக்கு மனசு வரலை. ஆய்வை எழுதினப்ப அந்த வரியை எடுத்துட்டோம். காலையில சாப்பிடாம கடலுக்குப் போறவங்களுக்கு மாத்திரை நேரத்தை மாத்தித் தரணும்ங்கற எங்க முடிவு மத்தவங்க வரிகளை வெச்சு நிக்குது. அதை முதல்ல தெளிவாச் சொன்னவர் அவர்தான்.

அடுத்த மாசம் அந்த அம்மா வந்தப்ப நேராச் சொல்லிட்டேன். அம்மா, அது என்கிட்ட இல்லை, நான் தொலைச்சுட்டேன்னு. கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துட்டு இருந்தாங்க. "சரி சாரே." அப்புறம், "அடுத்த மாசம் மாத்திர வீட்டுக்கு வருமா, நான் வரணுமா?"

இப்ப ஜூனியருக்கு. நான் இப்ப என்ன செய்யறேன்னு மட்டும் சொல்றேன், நீ உன் மென்பொருளுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ.

காப்பி பண்றதுக்கு முன்னாடி மென்பொருளை மூடு. திறந்து வெச்சுக்கிட்டே காப்பி பண்ணினா பாதி எழுதின ஃபைல் வரலாம். பென்டிரைவ்லேர்ந்தோ, தானா சிங்க் ஆகற க்ளவுட் ஃபோல்டர்லேர்ந்தோ நேரடியா ப்ராஜெக்டைத் திறந்து வேலை பார்க்காதே. லேப்டாப்புக்குள்ள வெச்சு வேலை செய், முடிச்சு மூடிட்டு காப்பியை வெளிய அனுப்பு. ஃபைலை இழுத்துப் போடறதைவிட மென்பொருளோட சொந்த எக்ஸ்போர்ட் கட்டளை நல்லது, எதெது வெளிய கிடக்குன்னு அதுக்குத் தெரியும். புது லேப்டாப்ல இருக்கிற பதிப்பு பழசா இருந்தா திறக்காமப் போகலாம், அதையும் முதல்லயே பார்த்துக்கோ.

மென்பொருளே மாறுதுன்னா ரெஃபி-கியூடிஏ வடிவத்துல எடு. 2019ல வந்த பொதுத் தரம், மேல சொன்ன பெரிய மென்பொருள் எல்லாம் படிக்கும், குவால்கோடரும் படிக்கும். கோப்புப் பேர் கியூடிபிஎக்ஸ்னு முடியும். அது உண்மையில ஒரு ஜிப் மூட்டை. பேரை ஜிப்னு மாத்தித் திறந்து பார்த்தா உள்ள ப்ராஜெக்ட் விவரமும் ஆவணங்கள் ஃபோல்டரும் தெரியும். அந்த ஃபோல்டர்ல உன் பேட்டி எத்தனை இருக்குன்னு கண்ணால எண்ணலாம். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. ஆனா ஒரு மென்பொருளுக்கே உரிய தேடல், வரைபடம் மாதிரி சில சங்கதிகள் மறுபக்கம் வராது. கோடும் வரியும் வரும்.

மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனம், ஒண்ணு வேற இடத்துல. பீட்டர் க்ரோக்னு ஒரு புகைப்படக்காரர் பரப்பின கணக்கு இது. என்னோடது லேப்டாப்ல ஒண்ணு, பீரோவுல எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணு, நண்பன்கிட்ட திருவனந்தபுரத்துல ஒண்ணு. எல்லாம் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினது. 7-ஜிப் போதும், வெராகிரிப்ட் இன்னும் நல்லது. பாஸ்வேர்டைத் தொலைச்சா கடையில கொடுத்து ஃபார்மட் அடிச்சதும் அதுவும் ஒண்ணுதான், அதனால அதை உன் கைடுகிட்டயும் ஒரு உறையில ஒட்டிக் கொடு. எந்த எண் எந்த ஆளுன்னு இருக்கிற பட்டியல் மட்டும் இதோட சேரக்கூடாது, அது தனியாக் காகிதத்துல.

அப்புறம் சோதனை. இன்னொரு கம்ப்யூட்டர்ல, நெட்டை அணைச்சுட்டு, காப்பியைத் திற. கோடு லிஸ்ட் வந்ததைப் பார்த்துட்டு மூடிடாதே, நான் அங்கதான் ஏமாந்தேன். பேட்டி எத்தனைன்னு எண்ணு. ஏதாவது ஒரு கோடை அழுத்து, வரி சரியான இடத்துல நிக்குதான்னு படி. ஏதாவது ஒரு ஆடியோவை நடுவுல, பதினைஞ்சாவது நிமிஷத்துல ஓட விட்டுக் கேளு. இதெல்லாம் முடிஞ்ச பிறகு பழசைக் கொடு. இல்லைன்னா கொடுக்காதே, எக்ஸ்சேஞ்சுல எவ்வளவு குறைச்சிடுவான், ஆயிரமோ ரெண்டாயிரமோ.

ஒப்புதல் படிவத்துலயும் ஒரு கேள்வி சேர்த்திருக்கேன், போன வருஷம் எதிக்ஸ் கமிட்டி ஏத்துக்கிட்டாங்க. 'பிற்காலத்தில் உங்கள் குடும்பத்தார் கேட்டால் இந்த ஒலிப்பதிவை அவர்களுக்குக் கொடுக்கலாமா? ஆம், இல்லை.' கேக்கும்போது ஆட்கள் கொஞ்சம் சிரிக்கிறாங்க. நிறையப் பேர் ஆம்னு சொல்றாங்க. ஒரு அண்ணாச்சி மட்டும், "எனக்க கடனப் பத்தி சொன்னத வெட்டிட்டுக் கொடுப்பீளா?"ன்னு கேட்டார். அதுக்கும் ஒரு வரி சேர்க்கணும்.

இதை எழுதிட்டு இருக்கும்போதே ஜூனியர்கிட்டேர்ந்து பதில் வந்துடுச்சு. ரூம்மேட் லேப்டாப்ல திறந்து பார்த்தாளாம். 16 பேட்டியில 12 திறக்குது, நாலு ஆடியோ காணோம். பழைய லேப்டாப் இன்னும் அவ மேஜை மேலதான் இருக்கு.